வேலூர்ச் சிறையில் ஒரு நாவலாசிரியை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

வேலூர் என்றதும் கோட்டை, 1806 சிப்பாய்ப் புரட்சி என்று பேச ஆரம்பித்துவிடுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் 1930களின் தொடக்கத்தில், மறியல் செய்து பிடிபட்ட சென்னை மாகாணத்துப் பெண்கள் பலரை அடைத்து வைத்ததும் நம் ஊர்ச் சிறையில்தான். உப்புப் போராட்டத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி இங்கே இருந்தார். எஸ். அம்புஜம்மாளும் இருந்தார். அந்த வரிசையில் ஒரு நாவலாசிரியையும் உண்டு. அவர்தான் வை. மு. கோதைநாயகி அம்மாள்.

1901 டிசம்பர் 1ஆம் தேதி பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. திருவல்லிக்கேணியில், ஆசாரமான வைணவக் குடும்பத்து மருமகள். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகம் பார்க்க அழைத்துப் போவார். பார்த்துவிட்டு வந்ததும் கோதைநாயகிக்குத் தானும் ஒரு நாடகம் எழுத வேண்டும் என்று ஆசை. கதை மனசுக்குள் தயார். எழுதத்தான் கை பழகவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பட்டம்மாள் என்ற தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாயால் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். 1924இல் ‘இந்திர மோகனா’ வந்தது. அப்புறம்தான் எழுதப் பழகினார். அடுத்த ஆண்டே, நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை வாங்கி, தானே ஆசிரியராகி நடத்தத் தொடங்கிவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் எழுதிய 115 நாவல்களைப் பற்றிப் பேசும்போது, பொழுதுபோக்குக் கதை, பேச்சு அதிகம், உபதேசம் அதிகம் என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உபதேசம் நீளம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். தற்செயல்களும் ஏராளம். ஆனால் அந்த நடை வாயிலிருந்து பிறந்த நடை. எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார் என்ற நினைப்பிலேயே வளர்ந்த எழுத்து அது. ‘ஜகன்மோகினி’யைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்ற பெண்கள் உண்டு என்று சொல்வார்கள். வீட்டுக்குள் இருந்த வாசகிகள் அவர்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் இந்த எழுத்தை எப்படி எடை போடுவது?

1925இல் காந்தியைச் சந்தித்தார். பட்டும் நகையும் போயின, கதர் வந்தது. மேடையேறிப் பேசினார், பாரதியார் பாட்டைப் பாடினார். கேட்கக் கூட்டம் கூடியது. குடும்பப் பெண் தெருவில் இறங்கி மறியல் செய்வதா என்ற ஏச்சும் கூடவே வந்தது. கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல், கடைசியில் சிறை. உள்ளே போயும் கதை எழுதுவதை அவர் விடவில்லை.

சரி, இவரைச் சீர்திருத்தக்காரர் என்பதா, சம்பிரதாயக்காரர் என்பதா? இரண்டும்தான் என்பேன். விதவை மறுமணத்துக்காக எழுதினார், வரதட்சிணையைச் சாடினார். அதே கையால் பக்தியையும் பதிவிரதை தர்மத்தையும் உயர்த்திப் பிடித்தார். கணவரின் துணையோடுதான் வெளியே வந்தார். வெளியே வந்த பிறகு அவர் செய்தவை, அந்தக் காலத்து ஆண்கள் பலரும் செய்யத் துணியாதவை. இன்றைய பெண்ணியவாதிக்கு அவருடைய பக்தி இடிக்கும். பழைமை பேசுகிறவருக்கு அவருடைய சிறைவாசம் இடிக்கும். ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தால், எழுதப்படுவது வேறு யாருடைய வாழ்க்கையோ ஆகிவிடும். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. முதல் பெண் நாவலாசிரியைகளில் ஒருவர் என்று பட்டம் கொடுத்துவிட்டு, அவர் எழுதியதைப் படிக்காமலே கடந்து போகிறோம்.

கடைசி ஆண்டுகளைக் கேட்டால் மனசு கனத்துவிடும். 1956இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அந்த அடியிலிருந்து அம்மாள் எழவில்லை. காசநோயும் சேர்ந்துகொண்டது. 1960 பிப்ரவரி 20ஆம் தேதி காலமானார்.

அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. தேடினால் இணையத்திலும் கிடைக்கும். நம் வேலூர்ச் சிறை இருக்கும் தொரப்பாடி பக்கத்துக் கல்லூரி மாணவிகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரே ஒரு நாவலை எடுங்கள். மனசுக்குள் படிக்காமல், வீட்டில் பாட்டிக்கோ அம்மாவுக்கோ வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறார்கள், எந்த இடத்தில் சண்டைக்கு வருகிறார்கள் என்று குறித்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.