பெருஞ்சீரகமும் படா ஜீராவும்

நேயர்களுக்கு வணக்கம். கரோல் பாக் ஹோட்டல்களில் பில்லோடு வரும் தட்டில், கற்கண்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் சோம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நான் தில்லிக்கு வந்த புதிதில், பிரசவித்திருந்த அக்காவுக்காக அம்மா எழுதி அனுப்பிய சாமான் பட்டியலில் பெருஞ்சீரகம், அதாவது இந்தச் சோம்பு, இருந்தது. இந்தியில் அதற்குச் சௌன்ஃப் என்று பெயர் என்பதை அறியாத நான், மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் ஒரு கடையில் நின்று, 'படா ஜீரா' என்று சொல்லுக்குச் சொல் மாற்றிக் கேட்டேன். கடைக்காரரோ, பெரியது என்றால் ராஜாவுக்கு உரியது என்று எண்ணினாரோ என்னவோ, கால் கிலோ ஷாஜீராவைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பிரியாணிக்குப் போடும் அந்தக் கறுத்த விதையின் கஷாயத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

பெயரைவிட மணம் பொல்லாதது. சோம்புக்கு மணம் தரும் அனெத்தோல் அன்னாசிப்பூவிலும் இருப்பதால், வயிற்று வலிக்கு அதையும் குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுப்பவர்கள் உண்டு. அதனோடு, பார்த்தால் வேறுபாடு தெரியாத ஜப்பானிய நச்சு வகையும் கலந்துவிடக்கூடும் என்பதால், வலிப்பு முதலிய பாதிப்புகள் ஏற்பட்டதை அடுத்து, 2003-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அன்னாசிப்பூத் தேநீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது.

சோம்பு வயிற்று உப்புசத்துக்கும் மாதவிடாய் வலிக்கும் வழிவழியாகக் கைகொடுப்பது. ஏறக்குறைய 2 கிராம் விதையை அப்போதே நசுக்கி, கொதித்த நீரை ஊற்றி, 15 நிமிடம் மூடி வையுங்கள். மூடியின் உட்புறத் துளிகளை முகர்ந்து பாருங்கள், மணம் அங்கேதான் ஏறி நிற்கும். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் சமையலறை மணக்குமே தவிர, குவளையில் அதிகம் மிஞ்சாது.

சாப்பாட்டுக்குப் பின் மெல்லும் ஒரு சிட்டிகையைப் பற்றி எனக்குக் கவலையில்லை, கஷாயத்தைப் பற்றித்தான் கவலை. சோம்பில் சிறிதளவு உள்ள எஸ்ட்ராகோல் என்னும் வேதிப்பொருள் அதிக அளவில் விலங்குகளுக்குக் கல்லீரல் கட்டியை உண்டாக்கியிருக்கிறது. ஆகவே பெரியவர்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர வேண்டாம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், பாட்டிமார்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். மீதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கர்ப்பிணிகளும், ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரும், கேரட், கொத்தமல்லி ஒவ்வாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சோம்புக் கஷாயம் குடிக்க வேண்டாம். சோம்பு எண்ணெயைச் சொட்டுக் கணக்கிலும் விழுங்க வேண்டாம். வணக்கம்.