கன்ஹேரிக்குப் போனால் தண்ணீரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் அரை நாள் டூர் ஒன்று உண்டு, உங்களில் சிலர் போயிருப்பீர்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். போரிவலி காட்டுக்குள் இருக்கிற கன்ஹேரி குகைகள், அப்புறம் கோராய் பக்கம் விபாசனா என்ற தியான முறைக்காகக் கட்டிய பகோடா, அதாவது பர்மா பாணியில் எழுப்பிய பௌத்தக் கோபுரம், நேரம் இருந்தால் தாதரில் அம்பேத்கரைத் தகனம் செய்த இடமான சைத்ய பூமி. மதியச் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அந்த டூரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கொடுத்திருப்பது கால் மணி நேரம். என்னை விட்டால் குகையிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்று நிலையத்தில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிட்டது, எதிரே கடிகாரத்தைக் காட்டித்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. வியாசர்பாடியில் பிளம்பிங் வேலை பார்த்தவன், இப்போது பிள்ளைகள் பார்க்கிறார்கள். தாராவியில் தங்கை குடும்பம் இருக்கிறது, அதனால் கல்யாணம் காதுகுத்து என்று சென்ட்ரலில் ரயில் ஏறுவது எங்கள் வீட்டில் சாதாரணம். போகும்போதெல்லாம் தெருவில் யாராவது நாலு பேர் ஒட்டிக்கொள்வார்கள், அவர்களை அழைத்துக்கொண்டு இந்த டூருக்குப் போய்விடுவேன்.

சரி, கன்ஹேரி. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்று போரிவலி ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு பெரிய காடு. மின்சார ரயிலில் ஆள்மேல் ஆளாக நசுங்கி இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் சிறுத்தை இருக்கிற காடு, அதுதான் மும்பை. வாசலிலிருந்து உள்ளே 6 கிலோமீட்டருக்கு மேல் போனால் ஒரு மலை, அந்த மலை முழுக்கக் குடைந்து வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு இல்லை, 100-க்கு மேற்பட்ட குகைகள். ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து ஆயிரம் வருஷம் போல பௌத்தத் துறவிகள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். கோயில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், அது குடியிருப்பு. படுக்கக் கல் மேடை, வாசலில் உட்காரக் கல் பெஞ்சு, குகைக்குக் குகை போகப் பாறையிலேயே வெட்டிய படிக்கட்டு, எல்லாம் உண்டு.

வழிகாட்டி என்ன செய்வார் என்றால், நேராக மூன்றாம் எண் குகைக்குக் கூட்டிப்போவார். அதைப் பார்க்க வேண்டியதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே 34 தூண், கோடியில் ஸ்தூபி, வெளித்தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் 20 அடிக்கு மேல் உயரத்தில் நிற்கும் புத்தர். தூண்களில் சிலதுக்குத்தான் தலைப்பில் சிற்பம் செய்திருக்கிறார்கள், மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். காசு தீர்ந்ததோ, ஆள் போனாரோ, நம் ஊர் கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எல்லோரும் புத்தர் காலடியில் நின்று போட்டோ எடுப்பார்கள். அடுத்து பதினோராம் குகை, தர்பார் மண்டபம் என்பார்கள், நீளமாக இரண்டு கல் பெஞ்சு ஓடும். நாற்பத்தொன்றாம் குகையில் பதினொரு தலை அவலோகிதேசுவரர், கருணையின் வடிவம் என்று பௌத்தர்கள் வணங்குகிறவர். அவ்வளவுதான், வேன் காத்திருக்கிறது, இறங்கலாம் என்பார்.

இங்கேதான் எனக்கும் வழிகாட்டிகளுக்கும் தகராறு. அந்த மலையில் நான் பார்க்கச் சொல்வது தண்ணீரை. திரும்பவும் சொல்கிறேன், சிலையைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் தண்ணீரைப் பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள்.

யோசித்துப் பாருங்கள். மும்பையில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் சென்னைக்கு 1,400 சொச்சம். ஆனால் அங்கே பெய்வதெல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்சம் எட்டு மாதம் பெரிதாக மழை கிடையாது. மலை மேலே கூட்டமாகத் துறவிகள், அவர்களைப் பார்க்க வருகிறவர்கள், வியாபாரிகள். குடிக்க, சமைக்க, குளிக்கத் தண்ணீர் எங்கே? லாரியா வரும்?

அதற்கு அவர்கள் செய்தது இதுதான். அனேகமாக ஒவ்வொரு குகை வாசலிலும் ஒரு பக்கமாகப் பாறையைக் குடைந்து தொட்டி வெட்டியிருக்கிறார்கள். நம் வீட்டு சம்பு மாதிரிதான், மேலே சின்னதாகச் சதுர வாய், உள்ளே ஆழமாக இருட்டு. குகைக்கு மேலே பாறைச் சரிவில் விரல் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, மழை பெய்தால் அந்தத் தண்ணீர் வாசலில் விழாமல் பக்கவாட்டில் ஓடித் தொட்டிக்குள் இறங்குகிற மாதிரி செய்திருக்கிறார்கள். அதாவது ஒரே வாய்க்கால், குகை நனையாமலும் காக்கிறது, தொட்டியையும் நிரப்புகிறது. பாறை எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. மண்ணில் குழி தோண்டினால் சுவர் வைத்துப் பூச வேண்டும், அங்கே பாறையே சுவர், பாறையே தரை.

எங்கள் தொழிலில் வாட்டம் என்று சொல்வோம். தண்ணீர் ஓட வேண்டிய பக்கம் தரை எவ்வளவு சரிய வேண்டுமோ அந்தக் கணக்கு. கழிவுக் குழாய் என்றால் அடிக்குக் கால் அங்குலம். வாட்டம் குறைந்தால் தேங்கும், கூடினால் தண்ணீர் முன்னால் ஓடிப் போய் அழுக்கு பின்னால் நிற்கும். ரசமட்டம் வைத்து, டியூப் பிடித்து, அப்படியும் புது வீட்டு மொட்டை மாடியில் நடுவில் குளம் கட்டி நிற்கிறதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை வழிகாட்டி கீழே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை மேலே ஒரு வாய்க்காலில் மெதுவாக ஊற்றினேன். மே மாதம், பாறை தோசைக்கல்லாகக் காய்கிறது, ஊற்றின இடத்திலேயே ஆவியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். காய்ந்த சருகுக்கு அடியில் நுழைந்தது, காணாமல் போனது, ஒரு கை தூரம் தள்ளி எட்டிப் பார்த்தது, ஒரு மூலையில் தயங்கியது, அப்புறம் திரும்பி நூல் மாதிரி ஓடிப் போய்த் தொட்டி வாயில் சொட்டியது. கூட வந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். காவலாளி வந்து சத்தம் போட்டார், மேலே ஏறக் கூடாதாம், அது நியாயம்தான், நீங்களும் ஏறாதீர்கள். ஆனால் அப்புறம் வழிகாட்டியே பக்கத்தில் வந்து, எங்கே ஊற்றினீர்கள் அண்ணா என்று கேட்டுக் குனிந்து பார்த்தார். நல்ல பையன். அந்த வழியாக எத்தனையோ பேரைக் கூட்டிப்போனவன்தான், வாய்க்காலை மட்டும் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம், இது படித்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. அந்தக் குகைகளில் பிராமி எழுத்தில் நிறையக் கல்வெட்டு இருக்கிறது, யார் எதைத் தானம் செய்தார் என்று. பக்கத்துக் கல்யாண் ஊர்ப் பொற்கொல்லர் ஒருவர் தண்ணீர்த் தொட்டி கொடுத்திருக்கிறார். அதே ஊர்க் கொல்லர் ஒருவர் நடைபாதை போட்டுக் கொடுத்திருக்கிறார். ராஜா மட்டும் இல்லை, பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களும்! தக்காணத்தை ஆண்ட சாதவாகன ராஜா வாசிஷ்டிபுத்திர சாதகர்ணி, மேற்கு இந்தியாவை ஆண்ட க்ஷத்ரபர் வீட்டுப் பெண்ணைக் கட்டினார் என்று சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறதே, அது எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? கன்ஹேரியில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிற கல்வெட்டிலிருந்து. அந்த ராணியின் மந்திரி ஒருவர் தொட்டி வெட்டித் தானம் செய்திருக்கிறார், அதில் ராணியின் பிறந்த வீட்டுப் பெருமையையும் சேர்த்துப் பொறித்துவிட்டார். இரண்டு பெரிய ராஜ வம்சத்தின் சம்பந்தம் ஒரு தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கிறது. அந்தத் தொட்டி ஐந்தாம் எண் குகைப் பக்கம். டூரில் அங்கே நிற்கவே மாட்டார்கள்!

இதே சாதவாகனர்கள் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழும் இருக்கிறதாம். அமராவதியும் அவர்கள் ஆண்ட சீமைதான். அமராவதி ஸ்தூபிக் கற்கள் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன, மும்பைக்குப் போக முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதையாவது போய்ப் பாருங்கள்.

தண்ணீர் இல்லாத குகையும் பாடம் சொல்லும். 2021-இல் அதே காட்டில் புதிதாக ஏழு குகைகளைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தது. அவற்றில் தொட்டியே இல்லையாம். அப்படியென்றால் மழைக்காலத்தில் மட்டும் தங்கியிருப்பார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். பௌத்தத் துறவிகளுக்கு மழைக்காலம் மூன்று மாதம் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது விதி. மழையில் தங்க மட்டும் குகை போதும். வருஷம் முழுக்க இருக்க வேண்டும் என்றால் தொட்டி வேண்டும். எனக்கு இதைப் படித்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

நம் ஊரில் 2003-இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை. ஒழுங்காகச் செய்துகொண்டவர்கள் உண்டு. ஒரு பைப்பை இறக்கி மண்ணில் செருகிவிடுப்பா, யாராவது வந்து பார்த்தால் காட்டிக்கொள்ளலாம் என்றவர்களும் உண்டு. ஜல்லி போட வேண்டாம், வண்டல் தங்க சேம்பர் வேண்டாம், செலவு குறைந்தால் போதும். அப்புறம் 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை எல்லோரும் பார்த்தோம். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை, கொஞ்சம் சொல்லத்தான் வந்தேன். இந்த வாரம் வீட்டு மாடிக்கு ஏறி அந்தப் பைப்பு வாயில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கடிகாரத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. தொண்ணூறாம் குகையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். அங்கே பஹ்லவி எழுத்தில், அதாவது இடைக்காலப் பாரசீக மொழியில், பார்சிகள் வந்து பார்த்துவிட்டுப் பெயர் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், 1009-இலும் 1021-இலும். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வேலை நடந்துகொண்டிருந்த சமயத்திலேயே கன்ஹேரிக்கு வேடிக்கை பார்க்க ஆள் வந்திருக்கிறது. பெயரும் செதுக்கியிருக்கிறது. அதைச் சாக்காக வைத்து நீங்கள் சாவியால் கீறாதீர்கள்.

பகோடா. போரிவலி மேற்கில் கோராய் படகுத்துறையிலிருந்து ஃபெர்ரி ஏறி ஓடையைத் தாண்டினால் வந்துவிடும், தூரத்திலிருந்தே பொன் நிறத்தில் தெரியும். 2009-இல் திறந்தது. நடுவில் ஒரு தூண் இல்லாமல் கல்லோடு கல் கோத்து எழுப்பிய குவிமாடம், அடியில் 8,000 பேர் உட்கார்ந்து தியானம் செய்யலாம். விபாசனா பயின்றவர்களுக்குத்தான் உள்ளே அனுமதி, மற்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கட்ட வழி செய்த கோயங்கா மாண்டலேயில் பிறந்தவர், பர்மாவில் ஊ பா கின் என்ற கணக்குத் துறைப் பெரிய அதிகாரியிடம் தியானம் கற்று, 1969-இல் இந்தியாவுக்கு வந்தவர். ரங்கூன் சுவேதகோன் பகோடாவின் சாயலில்தான் இதை எழுப்பினார்கள். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் வியாசர்பாடியில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடை இல்லாத தெரு எது? எங்கள் தெருவில் ரங்கூனில் பிறந்து வளர்ந்த ஆச்சி ஒருவரை ஒருமுறை கூட்டிப்போனேன். படகிலிருந்து பார்த்தபோதே கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிட்டே போனதும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கட்டியிருக்கான், ஆனா அங்க படிக்கட்டு அடியிலயே செருப்பக் கழட்டிட்டு ஏறணும்டா, கால் சுடும், அப்பத்தான் மனசு அடங்கும்” என்றார். அப்புறம் நிழலில் உட்கார்ந்து அவர் ரங்கூன் கதை சொன்னார். அதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு உரை ஆகிவிடும், ஆச்சியையே கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள், என்னைவிட நன்றாகப் பேசுவார்.

சைத்ய பூமிக்கு உண்மையில் நிறைய நேரம் வைத்திருந்தேன். பெரம்பூரில் பௌத்த சங்கம் இயங்கியது, அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது, லட்சுமி நரசுவின் பௌத்த நூலுக்கு 1948 பதிப்பில் அம்பேத்கரே முன்னுரை எழுதியது, இதையெல்லாம் அங்கே நின்று சொல்ல வேண்டும் என்று குறித்து வந்தேன். கை காட்டுகிறார்கள். சுருக்கமாக, தாதர் ஸ்டேஷனிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் போதும், அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று போனால் லட்சக்கணக்கில் கூட்டம், அன்றைக்கு டூர் வேனெல்லாம் கிட்டேயே போக முடியாது.

கடைசியாக ஒன்று. திங்கட்கிழமை கன்ஹேரி மூடியிருக்கும், டிக்கெட் எடுக்கும்போது கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலையில் போனால் வாய்க்கால் எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடும், ஆனால் படி வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு வாங்கிக்கொண்டு போய்விடும். வணக்கம்.