நவீனக் கலைக்கூடத்தின் பெயர்ப்பலகை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, அலுவல்கள் பலவற்றுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட அதிகாரிகளே, பொன்னாடைக்குப் பதிலாக நூல் தந்து வரவேற்ற விழாக் குழுவினரே, காட்பாடியிலிருந்தும் இராணிப்பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் ஓவிய மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் காட்சி அடையாளம் அமைப்பது பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். எழுத்து, நிறம், வழிகாட்டிப் பலகை என்று மூன்றாகப் பகுத்துக்கொண்டு வந்தேன். சுவர் இருந்தால்தான் சித்திரம். இங்கே எழுத்துதான் சுவர் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1902இல் பிறந்த ஃபிராங்க்ளின் காத்திக் என்னும் அச்செழுத்தை 1964இல் தன் அடையாளமாக்கிக்கொண்டது. கணினி வடிவத்தில் அந்த உலோக அச்சின் நுட்பம் தேய்ந்துவிட்டதைக் கண்டு, பின்னாளில் மேத்யூ கார்ட்டர் என்னும் எழுத்து வடிவமைப்பாளரைக் கொண்டு அதையே மீண்டும் வரையச் செய்தது. தெருவில் போகிறவருக்கு வேறுபாடு தெரிந்திருக்காது, இருந்தும் செய்தார்கள்.

நம் வேலூர் லாங்கு பஜாரில் பலகை எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஆங்கிலப் பெயருக்குக் கீழே தமிழ்ப் பெயரை அதே உயரத்தில் எழுதித் தருமாறு ஒரு கடைக்காரர் கேட்டார். பெரியவர் நூலில் சுண்ணப்பொடி தடவி இரண்டு கோடு தட்டினார்; பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று தட்டினார்.

"இங்கிலீஷுக்கு ரெண்டு, தமிழுக்கு மட்டும் நாலு கோடா?"

"உங்க பேர்ல 'கி' இருக்குது, 'மு' இருக்குது முதலாளி. கொக்கி மேல ஏறணும், கால் கீழ இறங்கணும். ரெண்டு கோட்டுக்குள்ள அடைச்சா எழுத்து குறுகிப்போயிடும்."

"அதுக்கும் காசு சேருமா?"

"காசு அதேதான். பலகையை மட்டும் பெருசா கொண்டாங்க."

மறுநாள் பெரிய பலகை வந்தது. கடையின் ஆங்கிலப் பெயர் ஓரத்துக்குப் போனது!

ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்துக்குள் தமிழைக் கடைசியில் திணிப்பவர்கள் அந்தப் பெரியவரிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும். பத்திரிகைத் தலைப்புகளுக்கு ஓவியர் ஆதிமூலம் தீட்டிய எழுத்துகள் நமக்கு முன்னால் இருக்கும்போது, தமிழை முதலில் வரைந்து ஆங்கிலத்தை அதற்கு இணங்க வைப்பது முடியாத காரியமன்று.

நிறத்துக்கு வருமுன் அதிகாரிகள் புறப்பட்டுவிடக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகத்தில் பழஞ்சிற்பங்களுக்கு இடமிருக்கிறது. நவீன ஓவியத்துக்கென்று வேலூரில் ஓர் அருங்காட்சியகம் இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதை இங்கே நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். பயனின்றிக் கிடக்கும் பழைய அரசுக் கட்டடம் ஒன்றை ஒதுக்கித் தாருங்கள். அதன் பெயரை முதலில் வரையும் பொறுப்பை நம் பஜாரில் பலகை எழுதுபவர்களிடம் விடுங்கள். மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. ஓவிய மாணவர்கள் கையெழுத்தோடு முகவரியும் எழுதிச் செல்ல வேண்டுகிறேன்.