மிட்டாயைப் பிரித்துப் பார்க்கிறோம், தெருவைப் பார்க்கிறோமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நம் தமிழ்ச் சங்கத்துப் பெரியோர்களே, சூனியக்காரித் தொப்பியும் எலும்புக்கூடு சட்டையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஹாலோவீன் இரவில் அமெரிக்கப் பெற்றோர் பெரிதும் அஞ்ச வேண்டியது அந்நியர் தரும் மிட்டாய்க்கா, நம் வீட்டு வாசலில் ஓடும் சாலைக்கா?' இதுதான் தலைப்பு. பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்கும் அக்டோபர் 31 இரவுதான் ஹாலோவீன். சாலைக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா ஒரு தாயின் மனதோடு பேசினார். பிள்ளை வாளி நிறைய மிட்டாயோடு வந்ததும் அத்தனையையும் மேசையில் கொட்டி, ஒவ்வொரு உறையாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். ஆப்பிளுக்குள் பிளேடு, சாக்லேட்டுக்குள் ஊசி, விஷம் என்று அவர் சொன்னபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. "ஒரே ஒரு பிள்ளைக்கு நடந்தாலும் பயப்படக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஒரு பிள்ளை யார்? ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் இதைத் தேடிப் போனவர். 1958 முதல் பத்திரிகைகளில் வந்த செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன நடந்தது என்று பார்த்து, இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து 1985இல் கட்டுரை எழுதினார். கதவைத் தட்டிய பிள்ளைக்கு அந்நியர் ஒருவர் மிட்டாயில் எதையோ கலந்து கொடுத்து, அந்தப் பிள்ளை இறந்ததாகவோ படுகாயம் அடைந்ததாகவோ உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

1974இல் டெக்சஸில் எட்டு வயதுப் பையன் ஹாலோவீன் மிட்டாயில் இருந்த சயனைடால் செத்துப்போனானே என்பீர்கள். ஆமாம், செத்துப்போனான். கொடுத்தது அவனைப் பெற்ற தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. தெருவில் யாரோ கொடுத்தது என்று ஊர் நம்பிவிடும் என்பதுதான் அவன் போட்ட கணக்கு. 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நடுவர் அவர்களே, நம்முடைய இந்தப் பயமே ஒரு கொலைகாரனுக்கு மறைவிடமாக இருந்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

1982இல் சிகாகோ பகுதியில் கடையில் வாங்கிய டைலினால் என்ற வலி மாத்திரையில் சயனைடு இருந்து ஏழு பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே ஹாலோவீன். நாடே மிட்டாயைச் சந்தேகித்தது. மிட்டாயை எக்ஸ்ரே எடுத்துத் தர மருத்துவமனைகள்கூட முன்வந்தன. அந்த நேரத்துப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குற்றத்துக்கும் ஹாலோவீன் மிட்டாய்க்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

எதிரணித் தம்பி, அந்நியர்களின் பாலியல் குற்றங்களைப் பற்றியும் சொன்னார். அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 30 மாநிலங்களில் பிள்ளைகள்மீது குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்கள் செய்த 67,000க்கும் மேற்பட்ட குற்றப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஹாலோவீனை ஒட்டி எண்ணிக்கை கூடவில்லை. 2009இல் வெளிவந்த ஆய்வு அது.

சரி, இப்போது சாலைக்கு வருகிறேன்.

சாலை விபத்தில் யார் இறந்தாலும், எந்த நாள், எந்த நேரம், என்ன வயது என்று 1975 முதல் அமெரிக்க அரசு பதிந்து வைக்கிறது. கனடாவைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளில் இருந்து 1975 முதல் 2016 வரையிலான 42 ஹாலோவீன் மாலைகளை எடுத்தார்கள். மாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை. அதோடு ஒப்பிட, ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் வரும் அதே நேரத்தை எடுத்தார்கள். 42 ஹாலோவீன் மாலைகளில் நடந்து போன 608 பேர் வண்டி மோதி இறந்திருக்கிறார்கள். மற்ற 84 மாலைகளில் 851 பேர். ஒரு மாலைக்கு என்று வகுத்தால் இங்கே 14க்கு மேல், அங்கே 10. ஆக, 43 சதவீதம் அதிகம்.

இந்த 608 பேரும் குழந்தைகள் அல்ல, பெரியவர்களும் இதில் உண்டு. இதை நானே சொல்லிவிடுகிறேன், கணக்கை மிகைப்படுத்தி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது, ஆபத்து 10 மடங்கு. பத்து மடங்கு, நடுவர் அவர்களே! முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த வயதுதான்.

"அன்றைக்கு எல்லோரும் நடக்கிறார்கள், விபத்து கூடத்தானே செய்யும்?" என்று எதிரணி கேட்கும். உண்மைதான். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஹாலோவீனுக்கென்றே புள்ளிவிவரம் வெளியிடும். அதன்படி வீடு வீடாகப் போகக்கூடிய 5 முதல் 14 வயதுப் பிள்ளைகள் சுமார் 4 கோடிப் பேர். அத்தனை கோடியில் ஒரு தனிப்பிள்ளைக்கு உள்ள ஆபத்து மிகச் சிறியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஹாலோவீனை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் எல்லோரும் நடக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு நாளில், அந்தச் சில மணி நேரம் குடியிருப்புத் தெருவில் வண்டியை நிறுத்திவைக்க நம்மால் முடியாதா?

விபத்து உச்சத்துக்குப் போவது சாயங்காலம் 6 மணி வாக்கில். கொஞ்சம் அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் மங்கும் வேளை. வேலை முடிந்து நாம் வீடு திரும்பும் வேளை. சின்னப் பிள்ளைகளைச் சீக்கிரம் கூட்டிப்போய் வந்துவிடலாம் என்று பெற்றோர் கிளம்புகிற வேளையும் அதுதான். கறுப்பு அங்கி போட்ட பிள்ளை, முகமூடியின் சின்ன ஓட்டை வழியே பார்த்துக்கொண்டு, நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்து எதிர்வீட்டுப் பரங்கிக்காய் விளக்கைப் பார்த்து ஓடுகிறது. ஓட்டுநருக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்குக் கார் தெரியாது.

அக்கா, உங்கள் பிள்ளையின் மிட்டாயை நீங்கள் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு எடுத்துக்கொள்ளும் அரை மணி நேரத்தை, கிளம்புவதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கியின் முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டையை ஒட்டுங்கள். முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம் பூசுங்கள். ஒரு பக்கத்து வீடுகளை முழுக்க முடித்துவிட்டு, முனைக்குப் போய், கையைப் பிடித்துக் கடக்கச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், கார் ஓட்டுகிற எல்லோருக்கும்: முடிந்தவர்கள் அன்று 5 மணிக்குள் வீடு வந்துவிடுங்கள். முடியாதவர்கள் குடியிருப்புக்குள் நுழைந்ததும் வண்டியை நடைவேகத்தில் உருட்டி வாருங்கள்.

அக்டோபர் 31க்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. எங்கள் தெருவில் அன்று சாயங்காலம் 5 முதல் 8 வரை போக்குவரத்தை நிறுத்திவைக்கக் கேட்டு நகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறோம். மூன்று வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இன்னும் நிறைய வேண்டும். எதிரணி அக்கா எங்கள் தெருக்காரர்தான். மனுவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.