காளான் சாறும் தட்டில் விழும் வளையமும்

நேயர்களுக்கு வணக்கம்.

காளான் சாறு கிருமியைக் கொல்லும் என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் எங்கே கொல்லும் என்பதுதான் கேள்வி.

ஆய்வகத்தில் தட்டையான கிண்ணத்தில் அகார் என்ற, ஆறினால் உறையும் கூழை ஊற்றி, அது உறைந்ததும் மேலே பாக்டீரியாவைப் பூசுவோம். சாற்றில் தோய்த்த சின்னத் தாள் வில்லையை நடுவில் வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் வெறுமையாக இருக்கும். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அது தட்டில் நடந்தது, உடம்பில் நடக்கவில்லை.

மாணவர்களுக்கு நான் விடாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1951-இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் கவனா, ஹெர்வி, ராபின்ஸ் ஆகிய மூவர் ஒரு காளானிலிருந்து புளூரோமுட்டிலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மட்கும் மரத்திலும் இலையிலும் காளான் பாக்டீரியாவோடு இரைக்குப் போட்டியிடுகிறது. அதனால் இப்படி ஒரு ஆயுதம் அதனிடம் இருப்பதில் வியப்பில்லை. பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும் இடத்தில் போய் இது அடைத்துக்கொள்ளும். சரி, உடனே மருந்தாகிவிட்டதா? இல்லை. தண்ணீரில் சரியாகக் கரையாது. உடம்புக்குள் போனால் கல்லீரல் வேகமாகச் சிதைத்துவிடும். வேதியியலாளர்கள் அதன் மூலக்கூறை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அப்படி முதலில் பன்றிக்கும் கோழிக்கும் டியாமுலின் என்ற மருந்து வந்தது. 2007-இல் மனிதர்களுக்குத் தோலில் பூசும் களிம்பு வந்தது. நிமோனியாவுக்கு மாத்திரையாகவும் ஊசியாகவும் லெஃபாமுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2019-இல். 68 ஆண்டுகள்! வளையத்துக்கும் மாத்திரைக்கும் நடுவில் அவ்வளவு வேலை இருக்கிறது. அந்த வேலை எதுவும் நடக்காத பொடியை டப்பாவில் அடைத்து மருந்து என்று விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று, எதில் வடிக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சாறே மாறிவிடும். வெந்நீரில் பீட்டா குளுக்கன் போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் இறங்கும். ரெய்ஷி காளானின் கசப்புப் பொருள்களுக்கு ஆல்கஹால் வேண்டும். வெறுமனே 'காளான் சாறு' என்றால் எந்தச் சாறு என்று கேளுங்கள்.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பைப் பற்றி, அதாவது ஆக்சிஜனால் உயிரணுவுக்கு வரும் சேதத்தைத் தடுப்பதைப் பற்றி, நிறையப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். அதனால் அப்படித் தடுக்கும் பொருள்களில் எர்கோதயோனீனை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை நம் உடம்பால் செய்ய முடியாது, உணவிலிருந்துதான் கிடைக்கும். காளானில் நிறைய இருக்கிறது. இதை உயிரணுவுக்குள் ஏற்றிச்செல்ல நம்மிடம் தனி வாகனப் புரதமே உண்டு என்று 2005-இல் கண்டறிந்தார்கள். சூட்டுக்கு அழியாது, ஆனால் தண்ணீரில் கரையும். அதனால் சிப்பிக் காளானையோ பால் காளானையோ வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள், குழம்பிலேயே சேருங்கள்.

அப்புறம், மழைக்கு முளைத்த காளானை அடையாளம் தெரியாமல் பறிக்கவே வேண்டாம். சிலவற்றின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ரெய்ஷி பொடியைத் தொடாதீர்கள். வணக்கம்.