இறால் ஓட்டிலிருந்து ஒரு துணி

நேயர்களுக்கு வணக்கம்.

காசிமேட்டில் இறால் உரிக்கும் அம்மாக்கள் பக்கத்தில் ஓடு குவிந்து கிடக்கும். வெயில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்போம். அந்த ஓட்டை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும், நீர்த்த காரத்தில் காய்ச்சினால் புரதம் போகும். மிஞ்சுவது கைட்டின். அதையே செறிவான காஸ்டிக் சோடாவில் சூடேற்றினால் கைட்டோசான். வெளிர்மஞ்சள் செதில், நாற்றமே இருக்காது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு? கிருமியைக் கொல்லும் துணி வேண்டும், தூக்கிப்போட்டால் அது மக்கவும் வேண்டும் என்கிறோம். மக்குவது என்றால் நுண்ணுயிர் தின்று தீர்ப்பதுதானே? தன்னைக் கொல்லும் பொருளை அது எப்படித் தின்னும்? வகுப்பில் மாணவர்கள் வருஷம் தவறாமல் கேட்ட கேள்வி இது. வெள்ளித் துகள் பூசிய துணியில் இதற்கு வழியில்லை. வெள்ளி உலோகம், துணி மக்கினாலும் அது மக்காது, துவைக்கத் துவைக்கத் தண்ணீரோடு போய்ச் சேரும்.

துணியில் பூசிய கைட்டோசானோ ஆள் பார்த்து நடந்துகொள்கிறது. நம் தோலின் ஈரம் லேசான புளிப்பு. அந்தப் புளிப்பில் இதன் அமினோ தொகுதிகள், அதாவது நைட்ரஜன் உள்ள பகுதிகள், நேர்மின்னூட்டம் பெறுகின்றன. பாக்டீரியாவின் மேலுறை எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, உறை குலைந்து உள்ளே இருப்பது கசிந்துவிடுகிறது. புளிப்பு குறைந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.5-ஐத் தாண்டினால் இந்த மின்னூட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். மண்ணுக்குப் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதி சுரந்து, கைட்டோசானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை வெட்டி, சர்க்கரையாக்கித் தின்கின்றன.

செய்முறையும் எளிதுதான். நீர்த்த வினிகர் 100 மில்லியில் 1 கிராம் செதிலைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், சோறு வடித்த கஞ்சி போலக் கொழகொழவென்று வரும். பருத்தித் துணியை அதில் நனைத்துக் காயவைத்தால் மட்டும் போதாது, நாலு சலவையில் போய்விடும். சிட்ரிக் அமிலம் சேர்த்து 150, 160 டிகிரிச் சூட்டில் சில நிமிஷம் வைத்தால் நூலோடு பிணைந்துகொள்ளும். துணி கொஞ்சம் மஞ்சளிக்கும், வலுவும் சற்றுக் குறையும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்பேன்.

அப்படிச் செய்த கைக்குட்டை ஒன்றை மொட்டைமாடித் தொட்டியில் புதைத்துவைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து தோண்டிப் பார்த்தால் துணியைக் காணோம். நாலு ஓரமும் தைத்த நூல் மட்டும் சதுரமாக, அறுபடாமல் கிடந்தது. அது பாலியஸ்டர்.