ஜப்பானிய மேப்பிள்: இலையோரம் ஏன் கருகுகிறது?

[காட்சி: உள்ளங்கையில் ஒரு சிவந்த இலை]

விரல்களை விரித்த குழந்தைக் கைபோல இருக்கிறது, இல்லையா? ஜப்பானியர் கண்ணுக்கு இது தவளையின் கை. மேப்பிளை அவர்கள் அழைக்கும் 'கயேதே' என்ற பெயர், தவளைக் கை என்று பொருள்படும் 'கயேருதே'யிலிருந்து மருவியது. ஒசாகா அருகே மினோவில் இந்த இலையை உப்பில் ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்தே தின்கிறார்கள். நாம் மரத்தை மட்டும் கவனிப்போம்.

[காட்சி: ஓரம் பழுப்பேறிய இலை]

கோடையில் இலை இப்படி ஆனதும் பலர் மருந்து தெளிக்க ஓடுகிறார்கள். பெரும்பாலும் இது நோயே அல்ல. பிற்பகல் வெயிலிலும் வறண்ட காற்றிலும் இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடிவதில்லை. நீர் கடைசியாகச் சேரும் ஓரம் முதலில் காய்கிறது. காலை வெயிலும் மதியத்துக்குமேல் நிழலும் கிடைக்கும் இடமே இந்த மரத்துக்கு ஏற்றது. குளிர்காலமே வராத ஊரில் இந்த ஆசை வேண்டாம்.

[காட்சி: தொட்டி மண்ணை விரலால் விலக்குதல்]

நடும்போது நடக்கும் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் தெரிகிறதா? தொட்டியில் அது இரண்டு அங்குல மண்ணுக்கடியில் புதைந்திருந்தது. அப்படியே நட்டால் தண்டின் பட்டை ஈரத்தில் அழுகும். அந்த இடம் தரைக்குச் சற்று மேலே நிற்கட்டும். குழியின் அகலம் வேர்க்கட்டியைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஆழம் வேர்க்கட்டியின் உயரம்தான், அதற்குமேல் வேண்டாம். வட்டமாகச் சுற்றிக்கொண்ட வேர்களைப் பிரித்துவிடுங்கள். மண்மேல் காய்ந்த இலை, மரச்சீவல் போன்றவற்றை 5 முதல் 8 செ.மீ. மூடாக்காகப் போடலாம், தண்டைத் தொடாமல்.

'பிளட்குட்' போன்ற சிவப்பு ரகங்கள் ஒட்டுக்கன்றுகள், அதாவது வேறொரு மேப்பிளின் வேர்த்தண்டில் ஒட்டி வளர்த்தவை. ஒட்டுக்குக் கீழே பச்சைத் துளிர் கிளம்பினால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுவே மரமாகிவிடும். வசந்தத் தொடக்கத்தில் கவாத்து செய்தால் வெட்டிலிருந்து சாறு வடியும், கோடையில் செய்யுங்கள்.

[காட்சி: வெட்டிய கிளையின் குறுக்குமுகம்]

ஒரே ஒரு கிளை மட்டும் திடீரென வாடினால் வெட்டிப் பாருங்கள். கட்டைக்குள் கருமையான கோடு தெரிந்தால் அது வெர்டிசிலியம் வாடலாக இருக்கலாம். இந்தப் பூஞ்சைக்கு மருந்தில்லை. மண்ணிலேயே பல ஆண்டுகள் தங்கும். தக்காளியையும் கத்தரியையும் வாட்டுவது இதுவே. அவை வாடிய பாத்தியில் மேப்பிளை நடாதீர்கள்.